அப்பாவுக்கு நான் ஏற்றிய டோஸ்

1

மைசூரில் தமிழர்கள் சேர்ந்து ஆண்டு மலர் கொண்டுவருகிறார்களாம். "வெளிநாட்டில் சாதிக்கும் நம் பெண்" என்ற பகுதிக்கு இரண்டு பக்கம் எழுதிக் கொடு, கோட் போட்ட போட்டோ ஒன்றும் அனுப்பு என்று என் பள்ளித் தோழி மூன்று வாரமாக நச்சரிக்கிறாள். சரி, எழுதுகிறேன். அவள் கேட்டது இது இல்லை. பிடிக்காவிட்டால் கிழித்துப் போடட்டும்.

என் பெயர் கலாமணி. ஹனூர்ப் பக்கம் ராமாபுரத்தில் பிறந்து, கொள்ளேகாலில் பள்ளிக்கூடமும் மைசூரில் கல்லூரியும் படித்து, பத்து வருடமாக ஜெர்மனியில் ஒரு மழை பிடித்த ஊரில் குப்பை கொட்டுகிறேன். மூளை நோய்களுக்கு மருந்து தேடும் ஆய்வுக்கூடத்தில் வேலை. இன்று காலை எனக்குப் பத்து வருடம் ஆனதற்குக் கேக் வெட்டினார்கள். கேக்கின் மேல் கிரீமில் எழுதியிருந்தது என் அப்பாவின் பெயர், சென்னியப்பன்.

பாஸ்போர்ட் படிவத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தை நிரப்பச் சொன்னார்கள். நம் ஊரில் யாருக்கு இருக்கிறது குடும்பப் பெயர்? இனிஷியலை நீட்டி அப்பா பெயரைப் போட்டேன். அன்றிலிருந்து இந்த நாட்டில் தபால்காரர் முதல் பல் டாக்டர் வரை எல்லோருக்கும் நான் திருமதி சென்னியப்பன். சென்னியப்பன் யாரென்றால் லுங்கியை மடித்துக் கட்டி வரப்பில் நிற்கிற ஆள் என்று இவர்களுக்கு யார் சொல்வது? கலா என்று கூப்பிட இங்கே ஆள் கிடையாது. கணவருக்கு வேலை வேறு ஊரில், வார இறுதியில் வந்து "ஏய்" என்பார். மகள் யாழினிக்கு நான் அம்மா. கலா என்று வாய் நிறையக் கூப்பிட்டவர் அப்பா ஒருவர்தான். அந்தப் பெயரை அவர் மறந்துவிடக் கூடாது என்று நான் செய்த காரியத்தைத்தான் எழுதப் போகிறேன்.

2

அதற்கு முன் ஒரு நொதியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பயப்படாதீர்கள், பரீட்சை வைக்க மாட்டேன்.

மூளையில் ஒரு நரம்பு அடுத்த நரம்பிடம் சேதி சொல்ல அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தைக் கக்குகிறது. சேதி போய்ச் சேர்ந்ததும் அதை உடைத்துக் கூட்டித் தள்ள ஒரு நொதி இருக்கிறது. கோலினெஸ்டெரேஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள், முழுப் பெயர் இன்னும் நீளம். அல்சைமர் நோயில் அந்த ரசாயனமே குறைந்துபோகிறது. கூட்டித் தள்ளுகிற நொதியின் கையைக் கொஞ்சம் கட்டிப்போட்டால் மிச்சம் மீதி இருப்பது கூடுதல் நேரம் தங்கும், நினைவு சில காலம் தாக்குப்பிடிக்கும். நோய் போகாது. மாத்திரையால் ஆவது அவ்வளவுதான். இதே நொதி எச்சில் சுரப்பியிலும் குடலிலும் இதயத்திலும் கூட வேலை செய்கிறது. அங்கேயும் அதன் கையைக் கட்டினால் எச்சில் ஒழுகும், வயிறு போகும், நாடி குறையும்.

பழைய பூச்சிமருந்துகள் பலவும் பிடிப்பது இதே நொதியைத்தான். மாத்திரை மெல்லப் பிடித்து விட்டுவிடும். பூச்சிமருந்து பிடித்தால் லேசில் விடாது.

நான் ஒன்பதாவது படித்தபோது அப்பா மிளகாய்க்கு மருந்தடித்துவிட்டு வீட்டுக்கு வந்தார். முதுகில் டேங்க், மூக்கில் ஒரு துண்டு, மேலுக்குச் சட்டை கிடையாது. வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். வாயிலிருந்து எச்சில் நூலாக இறங்கியது, கண்ணீர் நிற்காமல் வழிந்தது, உடம்பு தொப்பலாக நனைந்திருந்தது. அம்மா சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, டெம்போவில் ஏற்றிக் கொள்ளேகால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். மூன்றாம் நாள் பிழைத்து வந்தார். அடுத்த வாரமே அதே டேங்கைத் தூக்கிக்கொண்டு போனார், அதே துண்டோடு.

இந்தக் கதையை நான் நன்றாகவே விற்றிருக்கிறேன். ஆராய்ச்சிப் படிப்புக்கான நேர்முகத்தில் சொன்னேன். கருத்தரங்குகளில் முதல் படமாக அப்பாவின் ஸ்பிரேயரைக் காட்டுவேன். வெள்ளைக்காரர்கள் தலையை ஆட்டுவார்கள், ஒரு பெண்மணி கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். நானோ இரண்டு கையுறை, கண்ணாடி, காற்றை உறிஞ்சும் கூண்டு சகிதம் அதே நொதியைப் பிளாஸ்டிக் தட்டின் சின்னக் குழிகளில் ஊற்றி, புதுப் புது மூலக்கூறுகளைக் கலந்து பார்க்கிறேன். நொதி வேலை செய்தால் குழியில் மஞ்சள் வரும். மஞ்சள் வராவிட்டால் எங்களுக்குக் கொண்டாட்டம். பத்து வருடமாக அந்த மஞ்சளை வராமல் செய்வதுதான் என் பிழைப்பு.

3

அம்மா போன பிறகு அப்பா மைசூரில் என் தம்பி செந்திலோடு இருக்கிறார். அக்ரஹாரம் என்கிற பேட்டையில் மாடி வீடு. செந்திலுக்குத் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை, வீட்டில் முக்கால்வாசி நேரம் இருக்க மாட்டான். அப்பாவைப் பார்த்துக்கொள்கிறவள் அவன் மனைவி ரத்னா. ஹனூர்க்காரி, பத்தாவதோடு நின்றவள். எனக்கு அவளை ஆரம்பத்திலிருந்தே ஆகாது. எதைக் கேட்டாலும் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்வாள். அது எனக்குத் திமிராகத் தெரிந்தது.

அப்பாவுக்கு அல்சைமர் என்று தெரிந்ததும் மைசூர் டாக்டர் சின்ன டோஸில் மாத்திரை ஆரம்பித்தார். நான் வேலை செய்யும் அதே நொதிக்கான மாத்திரை. ஒரு வருடம் ஓரளவு ஓடியது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அப்பா என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "ஏனுங்கம்மா, பேங்க்ல இருந்து பேசறீங்களா?" என்றார்.

அன்று எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. நோய் மேல், மைசூர் மேல், டாக்டர் மேல், பின்னால் நின்று அவருக்குத் துண்டு மடித்துக்கொண்டிருந்த ரத்னா மேல். டாக்டருக்கு நீளமாக ஒரு மின்னஞ்சல் எழுதினேன். என் பட்டங்கள் எல்லாம் கையெழுத்துக்குக் கீழே வரிசையாக நின்றன. டோஸை இரட்டிப்பாக்குங்கள் என்றேன். கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாமே என்று பதில் வந்தது. இன்னொரு மின்னஞ்சல் எழுதினேன், இந்த முறை மேற்கோள்களோடு. அவர் ஏற்றினார். செந்திலிடம், "உங்க அக்கா விடமாட்டேங்கறாங்க" என்று மட்டும் சொன்னாராம்.

இரண்டாவது வாரம் ரத்னா போன் செய்தாள்.

"அண்ணி, மாமாவுக்கு வாயில எச்சி ஒழுகிட்டே இருக்குதுங்க. சோறு நிக்க மாட்டேங்குது. நேத்து குளிக்கப் போனவரு கண்ணு இருட்டி விழுந்துட்டாரு."

"சாப்பிட்ட பிறகு கொடுக்கறியா? நேரத்துக்குக் கொடுக்கறியா?"

ஒரு கணம் யோசித்தாள். "கொடுக்கறேனுங்க."

"ஒழுங்கா கொடுத்தா இப்படி ஆகாது."

நாலு முறை இப்படிப் பேசினாள். நாலாவது முறை நான் கத்திவிட்டேன். இங்கிருந்து அனுப்பிய ஏழு அறை மாத்திரைப் பெட்டியைத் தினமும் காலையில், அன்றைய அறை காலியான பிறகு போட்டோ எடுத்து அனுப்பு, பேச்சு வேண்டாம் என்றேன். மறுநாளிலிருந்து போட்டோ வந்தது. ஒரு நாள் தவறவில்லை. கூடவே ஒரு வார்த்தைகூட வந்ததில்லை.

4

அந்த நாட்களில் ஒரு முறை யாழினி என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து ஜெர்மனில் கேட்டாள்: "உன் அப்பா ஏன் அழறார்?"

தாத்தா என்று சொல்லவில்லை, உன் அப்பா என்றாள். பதினொரு வயதுப் பெண்ணுக்கு அவர் திரையில் வரும் யாரோ ஒருவர். எனக்கு அதுதான் சுருக்கென்று தைத்தது. தாத்தான்னு சொல்லு என்று அதட்டினேன். கண்ணீர் வழிகிறது என்று அவள் பார்த்துச் சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. வெளிச்சம் படுகிறது என்று பதில் சொல்லிவிட்டு அவளுக்குத் தமிழ்ப் பாடம் எடுக்க ஆரம்பித்தேன்.

நேரில் போய்ப் பார்க்கலாம் என்றால் என் குடியிருப்பு அட்டை காலாவதி. புது அட்டை அச்சாகவில்லை. வெளிநாட்டவர் அலுவலகத்தில் ஒரு அம்மாள் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, "போகலாம். திரும்பி வரமுடியும் என்று நான் உத்தரவாதம் தரமுடியாது" என்றாள். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்றேன். "சென்னியப்பனுக்கா?" என்று கோப்பைப் பார்த்தாள். "அது நீங்கள்தானே?" ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஐந்து மாதம் அப்படியே ஓடியது.

ஆனால் அந்த ஐந்து மாதத்தில் அப்பா தேறினார். முகம் தெளிந்தது, எச்சில் நின்றது, திரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். என் பெயரைச் சொல்லவில்லை, ஆனால் சிரித்தார். நான் விடுவேனா? குடும்ப வாட்ஸாப்பில், "டோஸ் ஏற்றியதும் பலன் தெரிகிறது, சிலர் வாயை மூடிக்கொண்டு சொன்னதைச் செய்தால் போதும்" என்று போட்டேன். சிலர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். ஆய்வுக்கூடத்தில்கூடப் பெருமை பேசினேன். ரத்னா அதற்கு ஒரு கும்பிடு பொம்மை போட்டாள்.

5

அட்டை கைக்கு வந்த வாரமே கிளம்பினேன். பெங்களூரில் இறங்கி பஸ் பிடித்து மைசூர் போய்ச் சேர்ந்தபோது முற்பகல். அக்ரஹாரத்துத் தெருவில் ஸ்கூட்டர்களுக்கு நடுவே பெட்டியை இழுத்துக்கொண்டு போனேன். மல்லிகை கட்டுகிற அம்மாவிடம் வழி கேட்க வாயைத் திறந்தால் கன்னடத்துக்குப் பதில் ஜெர்மன் வந்தது. அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் வழி சொன்னாள். பிறந்த மண்ணில் எனக்குக் கிடைத்த வரவேற்பு அது.

அப்பா மாடியில் தொட்டிச் செடிகளுக்கு நடுவே குந்தியிருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்து, "வாங்க, உக்காருங்க" என்றார். விருந்தாளிக்குச் சொல்கிற வாங்க.

மறுநாள் காலை காப்பித்தூள் தேடிச் சமையலறை அலமாரியைத் திறந்தேன். பருப்பு டப்பாவுக்குப் பின்னால் ஒரு ஊறுகாய் பாட்டில். பாதிக்கு மேல் வெள்ளை மாத்திரைகள். எனக்கு அந்த மாத்திரையைத் தெரியாதா? பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக் கத்தினேன்.

"ரத்னா! இது என்ன?"

அவள் அடுப்பைச் சின்னதாக்கிவிட்டுத் திரும்பினாள். "மாத்திரைங்க அண்ணி."

"ஏன் கொடுக்கலை? தினமும் போட்டோ அனுப்பினியே!"

"காலி அறையப் போட்டோ எடுக்கச் சொன்னீங்க. எடுத்தேன். குடுத்தேன்னு நான் சொல்லலீங்களே."

"உன்னை யாரு நிறுத்தச் சொன்னா? நீ என்ன டாக்டரா?"

வழக்கம்போல ஒரு கணம் யோசித்தாள். "டாக்டர் இல்லீங்க. எங்கய்யன் பருத்திக்கு மருந்தடிச்சுட்டு வந்து விழுந்தப்ப நான்தான் பக்கத்துல இருந்தேன். இதே மாதிரிதான் எச்சி ஒழுகுச்சு, கண்ணு ஒழுகுச்சு, வேத்துக் கொட்டுச்சு. மாமாவும் மருந்தடிச்ச ஆளாட்டமே இருந்தாருங்க. ஆனா அவரு டேங்கைத் தொட்டு எத்தன வருசமாச்சு? புதுசா உள்ள போனது இது ஒண்ணுதான். நிறுத்திப் பாத்தேன். நாலு நாள்ல சரியாயிட்டாரு."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே!"

"நாலு தடவ சொன்னேனுங்களே அண்ணி."

நான் வாயடைத்து நின்றேன் என்று எழுதினால் பொய். நான் இன்னும் கத்தினேன். வைத்தியம் தெரியாதவர்கள் மருந்தை நிறுத்துவது எவ்வளவு ஆபத்து, இதனாலேயே அப்பாவின் நினைவு சீக்கிரம் போயிருக்கலாம், உன்னால்தான் அவர் என்னை விருந்தாளி என்கிறார் என்றெல்லாம் கத்தினேன். ஷிப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்த செந்தில் எழுந்து வந்தான். அவனுக்கும் அப்போதுதான் விஷயம் தெரியும். பாட்டிலைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"அக்கா, நீ அங்கிருந்து ஆர்டர் போடறது ஈஸிதானே? குளிக்கற ரூம்ல விழுந்த மனுசனத் தூக்குனது இவ. ஒத்த ஆளா."

அப்பா மாடியிலிருந்து குரல் கொடுத்தார். "கலா! ஏ கலா! அங்க என்ன சத்தம்?"

என்னைத்தான் கூப்பிட்டார். பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு மாடிப்படிக்கு ஓடினேன். எனக்கு முன்னால் ரத்னா பதில் சொன்னாள்.

"ஒண்ணுமில்லீங்கப்பா. பாட்டில் கீழ விழுந்துருச்சு."

"சரி சரி, பாத்து" என்றார் அப்பா.

நான் படியில் நின்றேன். ரத்னா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "மூணு மாசமா என்னை அப்படித்தானுங்க கூப்புடறாரு. மாமான்னு கூப்புட்டாத் திரும்ப மாட்டேங்கறாரு. அப்பான்னாதான் சோறு திங்கறாரு. அதான்."

6

அன்று மாலையே அப்பாவை டாக்டரிடம் கூட்டிப்போனோம். பாட்டிலையும் எடுத்துக்கொண்டேன், ரத்னாவை அவர் நாலு வார்த்தை திட்டுவதைக் கேட்கும் ஆசையில். நாடி பார்த்தார், இதயத்துடிப்பைப் படம் எடுத்தார். பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு கன்னடத்தில் ரத்னாவைக் கேட்டார், ஏனம்மா என்னிடம் வந்து சொல்லவில்லை, நீங்களாக நிறுத்தலாமா என்று. அண்ணியிடம்தான் சொன்னேன் என்று முணுமுணுத்துத் தலையைக் குனிந்தாள். எனக்கு மனசு கொஞ்சம் குளிர்ந்தது. உடனே என் பக்கம் திரும்பினார்.

"இவருக்கு இதயம் ஏற்கெனவே மெதுவாக ஓடுகிற இதயம். அந்த டோஸில் இன்னும் இரண்டு மாதம் போயிருந்தால் எங்காவது மயங்கி விழுந்து தலையில் அடிபட்டிருக்கும். ஏற்றியது நான். எழுதிக் கொடுத்தவன் நான்தான். ஆனால் எச்சில் ஒழுகுகிறது, விழுந்தார் என்று எனக்கு யாரும் சொல்லவில்லையே. உங்களுக்குச் சொன்னார்களாமே?"

அவர் எனக்கு எழுதிய மின்னஞ்சலை நினைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாமே.

மாத்திரை இனி வேண்டாம் என்று முடிவானது. அதைக் கொடுத்திருந்தால் என் பெயரும் முகமும் ஒன்றாகவே இன்னும் கொஞ்ச நாள் அவரிடம் தங்கியிருக்குமா என்று கேட்டேன். தங்கியிருக்கலாம், தங்காமலும் போயிருக்கலாம் என்றார். பத்து வருடமாக அந்த நொதியைக் குழியில் ஊற்றுகிறவளுக்கு அந்தப் பதில் தெரியாதா? தெரிந்தும் கேட்டேன்.

ரத்னாவை நான் மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் மலருக்கு அழகாக இருக்கும். மன்னிக்கவில்லை. அவள் தப்பு செய்திருந்தால் மன்னித்திருப்பேன். அவள் செய்தது சரி. டாக்டரிடம் சொல்லாமல் செய்தாள் என்ற ஒரு குறையைப் பிடித்துக்கொண்டு பத்து நாளும் அந்த வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். என் கண்ணால் பார்த்த நோய், மேடை மேடையாக நான் சொன்ன கதை. திரையில் அதே எச்சிலும் அதே கண்ணீரும் வந்தபோது எனக்கு அது அடையாளம் தெரியவில்லை. என் மகளுக்குக்கூடத் தெரிந்தது. கிளம்பும் நாள் ரத்னா எனக்குக் கொள்ளேகால் பட்டு ஒன்றைக் கட்டிக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன், நன்றி சொல்லவில்லை.

7

இனி போட்டோ வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவள் நிறுத்தவில்லை. தினமும் காலையில் அதே பெட்டியின் படம் வருகிறது. அறைகளில் இப்போது விதைகள். திங்களுக்கு அவரை, செவ்வாய்க்கு வெண்டை, புதனுக்கு மிளகாய். அப்பா நாள் முழுக்க அதைக் கொட்டிக் கொட்டிப் பிரித்து அடுக்குகிறாராம். முன்பு ஒரு வார்த்தையும் எழுதாதவள் இப்போது எழுதுகிறாள்: "நல்லா இருக்காருங்க. நாடி பாத்தேன்."

இன்று மதியம் என் பங்குக் கேக்கை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு மைசூருக்கு வீடியோ போட்டேன். அங்கே மாலை வெயில், அப்பா தொட்டிகளுக்கு நடுவே இருந்தார். போனைச் செடி ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு ரத்னா உள்ளே போய்விட்டாள். யாழினியையும் கூப்பிட்டேன். வந்தாள், கையை ஆட்டினாள், "தாத்தா" என்று நான் சொல்லாமலே சொன்னாள். அப்பா அவளுக்கும் "வாங்க" என்றார்.

கேக்கைத் தூக்கிக் காட்டினேன். "அப்பா, பாருங்க. உங்க பேரைப் போட்டு எனக்குக் கேக் வெட்டினாங்க. இங்க எல்லாரும் என்னை உங்க பேரைச் சொல்லித்தான் கூப்பிடறாங்க."

அவர் முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். கண்ணில் கண்ணீர் இல்லை, வாயில் எச்சில் இல்லை. தெளிவாக, மரியாதையாக என்னைப் பார்த்தார். பிறகு பின்னால் திரும்பிக் கூப்பிட்டார்.

"கலா! இங்க வா சாமி. யாரோ பாவம், கேக்கெல்லாம் கொண்டாந்து காட்டறாங்க, என்னன்னு கேளு."

எனக்கு வாய் திறந்துவிட்டது. "அப்..." என்பது வரை வந்துவிட்டது.

"வந்துட்டேங்கப்பா" என்று உள்ளேயிருந்து ரத்னா குரல் கொடுத்தாள்.

நான் வாயை மூடிக்கொண்டேன்.